கோடு நடந்த தடம்



விழிஞ்ஞம் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு, கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று அதனைப் பேசுகிறது. பாண்டியர் செப்பேட்டிலும் அப்பெயர் உண்டு. திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து, பாறையும் கடலும் நெருங்கி நிற்கும் இடம் அது. நம்மில் பலர் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் கோவளத்துக் கலங்கரை விளக்கத்தின்மேல் ஏறியிருப்போம். 1972-ஆம் ஆண்டில் ஒளியேற்றப் பெற்ற அவ்விளக்கத்தின் உச்சியில் நின்று தென்கிழக்கே நோக்கினால், மீன்பிடி துறையும், பள்ளிவாசலும், தேவாலயமும், கரையில் நெருக்கமாக நிறுத்திய வள்ளங்களும் தெரியும். அவற்றுக்கு அப்பால், கடலுக்குள் ஓடி வளைந்து கிடக்கும் கரிய கோடு ஒன்றும் இப்போது தெரிகிறது.

அக்கோடுதான் புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். மலையாளத்தில் அதனைப் 'புலிமுட்டு' என்பர். நம் தமிழ்நாட்டுக் கரையூர்களிலோ, கடலரிப்பைத் தடுக்கக் கல்லடுக்கி வளைத்துக் கட்டும் சுவருக்குத் 'தூண்டில் வளைவு' என்று பெயர். தூண்டில் முள்ளின் வளைவைக் கண்ணால் கண்டவன் வைத்த பெயர் இது. பொறியியல் நூல் எதுவும் இதைவிட நல்ல பெயர் தந்துவிடவில்லை.

விழிஞ்ஞத்துப் புதிய துறைமுகப் பணி 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. சுவரின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். கரைக்கு அண்மையிலேயே கடல் 18 முதல் 20 மீட்டர்வரை இயற்கையாக ஆழ்ந்திருப்பதே இவ்விடத்தின் பெருமை. அப்பெருமையே கட்டுவோருக்குத் தொல்லையுமாயிற்று: அத்தனை ஆழத்தையும் கல்லால் நிரப்பிய பின்னரே சுவர் நீருக்குமேல் தலைகாட்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கரையின் மீனவர் பலரைக் கொண்டு சென்றது. அப்போது வளர்ந்துகொண்டிருந்த சுவரின் ஒரு பகுதியையும் அலை பெயர்த்தது. பின்னர் சுவர் முடிந்து, 2024 ஜூலையில் முதல் பெருங்கலம் வந்தணைந்து, 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு உரியதாக்கப் பெற்றது. இவற்றைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது துறைமுகத்தின் வரலாறு அன்று. அத்தகைய சுவர் ஒன்று, கல்லாவதற்கு முன்பு, கணினித் திரையில் எவ்வாறு உருவெடுக்கிறது என்பதே நம் பொருள். இதனைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. புனேயிலும் பெங்களூரிலும் குருகிராமத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மகனோ மகளோ 'டிசைன்' பிரிவில் இருப்பதாகச் சொல்லக் கேட்கிறோம். நாள் முழுதும் திரைமுன் அமர்ந்து அப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், பெற்றோர் விடை சொல்லத் தடுமாறுகின்றனர். அவர்கள் செய்யும் வேலைகளுள் ஒன்றையேனும் இன்று விளங்கக் கூறுவோம்.

அவ்வேலைக்கு 'ஸ்வீப்' என்று பெயர். பெருக்குதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். துடைப்பத்தின் நுனியை ஒரு கோடு என்று கொள்ளுங்கள். அக்கோடு தரையில் நகர்ந்தால், நகர்ந்த இடமெல்லாம் ஒரு பரப்பாகிறது. இவ்வளவே இதன் அடிப்படை. 'ஸ்வீப் போடு' என்றுதான் நம் வரைவாளர் தமிழிலும் பேசிக்கொள்கின்றனர்; நாமும் அப்படியே வழங்குவோம்.

இதற்கு இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று நகரும் கோடு. அதாவது பொருளின் குறுக்குவெட்டு. மற்றொன்று அது நகர வேண்டிய வழி. முறுக்கு அச்சில் மாவிட்டுப் பிழியும் நம் வீட்டுப் பெண்டிர் இவ்விரண்டையும் நன்கறிவர். அச்சின் அடித்தட்டிலுள்ள நட்சத்திரத் துளையே குறுக்குவெட்டு. கை சுழன்று செல்வதே வழி. ஒரே கைச்சுழற்சிதான், தட்டை மாற்றினால் முள்ளுமுறுக்கு தேன்குழலாகிவிடுகிறது. கொத்தனாரும் இதனை அறிவார். வீட்டு முகப்பில் கார்னிஸ் வளைவு வேண்டுமானால், அதன் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி, சுவரில் அடித்த சட்டத்தை ஒட்டி, ஈரச் சாந்தின்மேல் இழுத்துக்கொண்டே போவார். தகரம் குறுக்குவெட்டு, சட்டம் வழி. செட்டிநாட்டு இல்லங்களின் சாந்து வேலைகளில் இத்தகைய இழுப்பு வரிகளை இன்றும் காணலாம். கோயில்களின் கொடுங்கையும் இதே கணக்கில் அமைந்ததே. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையைப் பார்த்து வியந்தவர்கள், ஒரே வளைவு சுவரின் நீளம் முழுதும் பிசகாமல் ஓடி, மூலையில் மற்றொரு வளைவோடு கூர்மையாகச் சந்திப்பதை நினைவுகூர்வார்களாக. அங்கே எதுவும் இழுக்கப்படவில்லை. கல்லைக் கொத்தி எடுத்தார்கள். ஆயினும் சிற்பியின் மனத்தில் ஒரு கோடு நடந்திருக்க வேண்டும்.

இரண்டு கோடுகள் போதும் என்றோம். அங்கேதான் இளையவர் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது.

கைமுறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாவு, அதே வட்டமான வழி. ஆனால் சுற்றிக்கொண்டு போகும்போதே விரல்கள் மாவைத் திருகிக்கொண்டு போகின்றன. குறுக்குவெட்டும் மாறவில்லை, வழியும் மாறவில்லை, பண்டம் வேறாகிவிட்டது. ஆகவே, குறுக்குவெட்டு வழிமேல் நடக்கும்போது எந்தப் பக்கம் முகம் வைத்து நடக்கிறது, நிமிர்ந்து நடக்கிறதா, சாய்ந்து நடக்கிறதா, திருகிக்கொண்டு நடக்கிறதா என்பதையும் யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். நாம் முடிவு செய்யாவிடில் மென்பொருள் தானே ஒன்றை முடிவு செய்துகொள்ளும். நம்மிடம் கேட்காது.

இதனை நாம் பட்டே அறிந்தோம். முன்னொரு காலத்தில் வடபுலத்து நகர் ஒன்றில், ஒரு வரைவகத்தில் பணியிலிருந்தோம். கடற்சுவர் ஒன்றின் வரைவு நம் கைக்கு வந்தது. அதன் குறுக்குவெட்டு இரு பக்கமும் ஒத்ததன்று. கடலை நோக்கிய பக்கம் படுத்த சரிவு. அங்கே கனத்த பாறைகள் அலையைத் தாங்கும். துறையை நோக்கிய பக்கம் செங்குத்தான சரிவு; அங்கே சிறு கற்கள் போதும். வழியோ, கரையிலிருந்து புறப்பட்டு முதலில் சற்று இடப்பக்கம் வளைந்து, பின்னர் வலப்பக்கம் திரும்பி, பாம்பு நெளிவது போலச் சென்றது. மென்பொருளில் இருந்த கட்டளையைப் பயன்படுத்தாமல், கல்லூரியில் படித்த கணிதத்தை நம்பி நாமே ஒரு சிறு நிரல் எழுதினோம். இளமைச் செருக்கு என்க.

அக்கணிதம் பிரான்சு நாட்டு ஃபிரேனே என்பவர் 1847-ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் வகுத்தது. வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அம்புகளை நிறுத்துகிறது அது. ஒன்று கோடு போகும் திசையைக் காட்டும். மற்றொன்று வளைவின் உட்பக்கத்தைக் காட்டும். மூன்றாவது இவ்விரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும். கணித நூலில் இது மிக அழகியது. ஆனால் நெளிந்து செல்லும் கோட்டில் இடவளைவு வலவளைவாக மாறும் புள்ளி ஒன்று உண்டல்லவா? அங்கே 'உட்பக்கம்' என்பது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்குத் தாவிவிடும். நேர்கோட்டிலோ உட்பக்கம் என்பதே கிடையாது; அம்பு எங்கே நிற்பதென்று அறியாது.

நாம் மேல்நோக்கிய திசையை நிலைக்குத்தாகவே கட்டிவிட்டு, பக்கத்திசைக்கு மட்டும் அந்த உட்பக்க அம்பை வைத்துக்கொண்டோம். அதனால் விளைந்தது என்னவெனில், வளைவு மாறிய இடத்திலிருந்து நம் சுவர் இடம்வலமாகப் புரண்டுவிட்டது. அலை மோதும் பக்கம் சிறு கற்கள். அமைதியான துறைப்பக்கம் பெரும் பாறைகள்! மேல்திசையையும் ஃபிரேனேயின் அம்பிடம் விட்டிருந்தால் சுவர் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். குழந்தையும் பார்த்துச் சிரித்திருக்கும். இடம்வலம் புரண்டது யார் கண்ணிலும் படவில்லை. குறுக்குவெட்டின் பரப்பளவு அதேதான் ஆதலால், கல்லின் அளவுக் கணக்கும் பிசகாமல் வந்தது. தாவல் நேர்ந்த இடத்தில் மட்டும் பரப்பு ஒரு முடிச்சுப்போல் சுருங்கியிருந்தது. படத்தை மிகப் பெரிதாக்கினாலன்றி அது தெரியாது. வண்ணம் தீட்டிய படத்தைப் பார்த்து நாமே மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

அவ்வரைவகத்தில் நாகர்கோவில் பக்கத்தவரான மூத்த நில அளவையாளர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றே அவரை அழைப்போம். கணினியைத் தொட மாட்டார். தாளில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் பார்ப்பார். பத்து மீட்டருக்கு ஒன்றாக வெட்டுப்படங்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு தாளில் விரலை வைத்து நிறுத்தினார்.

"தம்பி, இந்தப் படத்தில் கடல் எந்தப் பக்கம்?" என்றார்.

"இடப்பக்கம், அண்ணாச்சி" என்றோம்.

அடுத்த தாளைக் காட்டினார். நாம் வாய் திறக்கவில்லை. அவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை அடுக்கி நம் மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றார். நல்வேளையாக அப்படம் வரைவகத்தைவிட்டு வெளியேறியிருக்கவில்லை.

இக்குறைக்குத் தீர்வு எளிதுதான். சாலை, கால்வாய், கடற்சுவர் போன்றவற்றுக்கெல்லாம் நிலைக்குத்துத் திசை என்பது உலகம் தந்த திசை. அதனை நிலையாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்திசையை அதற்கும் வழியின் போக்குக்கும் செங்குத்தாக அமைத்துவிட்டால் புரளல் நேராது. ரைனோ என்னும் மென்பொருளில் இம்முறைக்கு 'ரோட்லைக்', அதாவது 'சாலைபோல', என்றே பெயர். காசின்றிக் கிடைக்கும் ஃபிரீகேட் மென்பொருளிலோ, ஃபிரேனே முறை, மாறாத் திசை முறை, துணைக்கோடு ஒன்றைப் பார்த்துத் திரும்பும் முறை எனப் பலவற்றை அடுக்கி, எது வேண்டுமென்று கேட்கும் பெட்டி ஒன்று உண்டு. அப்பெட்டியைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்துவோரே மிகுதி.

மேல்திசை என்று ஒன்றில்லாத பொருள்களும் உள. மோட்டார் வண்டிக் கதவின் விளிம்பில் ஓடும் ரப்பர்ப் பட்டையைக் கருதுங்கள். அதன் குறுக்குவெட்டு ஒரு பக்கம் குழலாகவும் மறுபக்கம் கவ்வியாகவும் இருக்கும். வழியோ கதவைச் சுற்றி, உள்ளும் புறமும் வளைந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர வேண்டும். இங்கே தேவைக்குமேல் சிறிதும் திருகாமல் நடக்கும் முறை வேண்டும். ரிச்சர்டு பிஷப் என்னும் கணித அறிஞர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். வளைகோட்டின்மேல் அம்புகளை நிறுத்துவதற்கு ஃபிரேனேயின் வழி ஒன்றே வழி என்பதில்லை என்று அதில் காட்டினார். திருகாமல் நடக்கும் அம்புகள் அங்கிருந்து வரைவுலகத்துக்கு வந்து சேர்ந்தன. அதிலும் ஒரு வியப்பு உண்டு. வெளியில் வளைந்து திரும்பும் மூடிய வழியில் ஒரு சிறிதும் திருகாமல் நடந்து வந்தாலும், புறப்பட்ட இடத்தை அடையும்போது குறுக்குவெட்டு சற்றே திரும்பி நிற்கக் கூடும். தொடக்கமும் முடிவும் பொருந்தா. அந்தச் சிறு கோணத்தை வழி முழுதும் பகிர்ந்து கரைத்துவிட வேண்டும். உங்கள் மகள் மாலையில் களைத்து வந்து, 'இன்று சீல் பொருந்தவே இல்லை அம்மா' என்றால், அவள் போராடியது அக்கோணத்தோடு என்று கொள்ளலாம்.

மீண்டும் கடற்சுவருக்கு வருவோம். கரையில் ஆழம் இல்லை. போகப் போக ஆழம் கூடுகிறது. ஆகவே குறுக்குவெட்டும் வளர்ந்துகொண்டே போக வேண்டும். 'தொடக்கத்தில் இந்த அளவு, முடிவில் அந்த அளவு' என்று கட்டளையிட்டால் மென்பொருள் மகிழ்ச்சியோடு பெரிதாக்கித் தரும். ஆனால் அது முழு வடிவத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். கணக்குக்காக ஒரு சுவரைக் கற்பனை செய்வோம். இது விழிஞ்ஞத்தின் அளவன்று. உச்சி அகலம் 10 மீட்டர், உயரம் 25 மீட்டர். கடற்பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு, துறைப்பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை. அடி அகலம் 97.5 மீட்டர் ஆகிறது. கரையருகே உயரம் 5 மீட்டராகக் குறையும் இடத்தில், ஒரே விகிதத்தில் சுருக்கினால், உச்சி அகலம் 2 மீட்டராகிவிடும். கல்லேற்றிய லாரி எங்ஙனம் போகும்? அச்சுவரின் உச்சிமேல் லாரியும் பாரந்தூக்கியும் ஓடியல்லவா அடுத்த பகுதிக்குக் கல் கொட்ட வேண்டும்? உண்மைச் சுவரில் உச்சி அகலமும் சரிவும் மாறுவதில்லை. அடி மட்டுமே விரிந்தும் சுருங்கியும் செல்லும். 5 மீட்டர் உயரத்தில் அடி 27.5 மீட்டர், உச்சி அதே 10 மீட்டர்.

அனுபவம் உடையோர் இதனை வேறு வகையில் செய்வர். மிக ஆழமான இடத்துக்கும் போதுமான அளவில் ஒரே குறுக்குவெட்டை, மட்டமான உச்சிக்கோட்டின் வழியே இழுத்துவிடுவர். பின்னர் ஆழம் அளந்து பெற்ற கடலடிப் பரப்பால் அதனை வெட்டி, கீழே எஞ்சியதை நீக்குவர். மேடும் பள்ளமுமான கடலடியை நம் இரண்டு சரிவுகளும் எங்கெங்கே தொடுகின்றனவோ, அதுவே சுவரின் அடிவிளிம்பு. அது நேராக இராது. உடைந்த கரைபோல் நெளிந்து கிடக்கும். அதனை நாம் வரையத் தேவையில்லை, தானே கிடைக்கும். இம்முறையை முதன்முதலாகக் கண்டபோது, கைவலிக்க நூறு வெட்டுப்படங்கள் வரைந்திருந்த நமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அடுத்து வளைவு. தூண்டில் வளைவு என்று பெயரிட்டாயிற்று, வளைவிலேதான் சிக்கல். அதே கற்பனைச் சுவரில், உச்சியின் நடுக்கோட்டிலிருந்து துறைப்பக்க அடிவிளிம்பு 42.5 மீட்டர் தொலைவில் உள்ளது. துறைப்பக்கமாக வளையும் வழியின் ஆரம் 42.5 மீட்டருக்குக் குறைந்தால், உட்பக்க அடிவிளிம்பு முன்னே செல்வதற்குப் பதிலாகப் பின்னோக்கி நடக்கும். பரப்பு தன்மேல் தானே மடிந்துவிடும். குறுகிய தெருமுனையில் நீண்ட வண்டி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் போகும்போதே, உட்பக்கத்துப் பின்மூலை நகராமல் நிற்பது போலவும், சிலபோது பின்வாங்குவது போலவும் தோன்றும். அது போன்றதே இதுவும். மென்பொருள்கள் சில இதனைக் குறித்து எச்சரிக்கும். சில மடிந்த பரப்பையே வாய்திறவாமல் தந்துவிடும். மடிந்த பரப்பில் கன அளவு கேட்டால், வருவது எண்ணாகத்தான் இருக்கும்; பொருள் இராது.

ஆரம் போதிய அளவு இருந்தாலும் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஆரம் 200 மீட்டர், திரும்பும் கோணம் 60 பாகை என்க. உச்சி நடுக்கோட்டின் நீளம் 209 மீட்டருக்குச் சற்று மேல். வெளிப்பக்க அடிவிளிம்போ 267 மீட்டர் நடக்கிறது. உட்பக்க அடிவிளிம்பு 165 மீட்டரே நடக்கிறது. கல்லின் கன அளவு காணக் குறுக்குவெட்டின் பரப்பளவை எந்த நீளத்தால் பெருக்குவது? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் இதற்கு விடை கூறிச் சென்றுள்ளார்: வடிவத்தின் எடைமையம் எவ்வளவு தொலைவு நடக்கிறதோ, அதனால் பெருக்குக. நம் சுவரின் எடைமையம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் கடற்பக்கம் தள்ளியிருக்கிறது. நடுக்கோட்டால் பெருக்கினால் 2,81,400 கன மீட்டர் வரும். எடைமையத்தின் பாதையால் பெருக்கினால் 2,87,000 கன மீட்டர். வேறுபாடு நூற்றுக்கு இரண்டே. ஆயினும் லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 560 நடை! மலையை உடைத்து, ஊர்த்தெருக்கள் வழியே, புழுதி பறக்க வரும் நடைகள் அவை. கணக்குத் தாளில் நூற்றுக்கு இரண்டு என்பது சிறிது. சாலையோர வீட்டாருக்கு அது சிறிதன்று.

இனி, சுவருக்குள் அடங்கி நிற்கும் வள்ளங்களைச் சற்றுப் பார்ப்போம். வள்ளத்தின் உடலும் கோடுகள் நடந்து உண்டான பரப்பே. ஆனால் அதற்கு ஒரு வழி போதாது. இரண்டு வழிகள் வேண்டும். அடியில் ஏராக்கட்டையின் வளைவு ஒன்று, மேலே விளிம்பின் வளைவு ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே விலாமரத்தின் வளைவு, முனையிலிருந்து முனைவரை தன் உருவை மாற்றிக்கொண்டே நடக்கிறது. முனையில் கூர்மையாகவும் நடுவில் அகன்றும் இருக்கும். ஐரோப்பியக் கப்பல் கட்டுவோர் பெரிய மாடித் தளத்தில், மெல்லிய மரச் சட்டத்தை ஈயக் குண்டுகளால் அங்கங்கே அழுத்தி வளைத்து, முழு அளவில் இக்கோடுகளை வரைந்தனர். அந்தச் சட்டத்தின் பெயர்தான் 'ஸ்ப்லைன்'. இன்றும் கணினியில் வளைகோட்டுக்கு அப்பெயரே வழங்குகிறது. சிட்ரோயன் மோட்டார் ஆலையில் தெ காஸ்டெல்ஜோ 1959-இல் வளைகோடுகளுக்குக் கணித வழி கண்டார். ஆலை அதனை மறைத்து வைத்தது. 1960-களில் ரெனோ ஆலையில் பெசியே தனியே அதே இடத்தை அடைந்து வெளியிட்டார். பெயர் அவருக்குப் போயிற்று. நம் கரையின் தச்சர்களோ தாளில் வரைந்தவர்கள் அல்லர். வளைத்த மரத்தின்மேல் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, 'இங்கே தட்டுகிறது' என்று சொல்லி இழைத்தவர்கள்.

1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்திலும் திருவனந்தபுரம் கரையிலும் பிளைவுட் வள்ளங்கள் பரவின. கட்டுமரத்துக்கேற்ற மரம் அரிதாகிவந்த காலம் அது. பிளைவுட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பனையோலையை உருட்டிக் குழலாக்கலாம், கூம்பாக்கலாம். கிழியாமலும் மடியாமலும் கிண்ணமாக்க முடியாது. பிளைவுட்டும் அப்படியே, ஒரே திசையில்தான் வளையும். இரண்டு வழிகளையும் ஒரு விலாவையும் கொடுத்து ஸ்வீப் போட்டால், திரையில் கண்ணைக் கவரும் வள்ளம் வந்துவிடும். அந்தப் பரப்பைத் தட்டையாக விரிக்க முடியுமா என்று சோதிக்காவிடில், தச்சர் தகட்டை வளைக்கும்போது அது வெடிக்கும். பின்னர் கண்ணாடியிழை வந்தது. அச்சில் ஊற்றிப் பதிப்பதால் அதற்கு இப்பிடிவாதம் இல்லை. எந்தப் பரப்பையும் ஏற்கும். ஆனால் பரப்பில் உள்ள பிழையையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஓர் அச்சிலிருந்து பல வள்ளங்கள் பிறப்பதால், ஒரு பிழையும் அத்தனை முறை பிறக்கும்.

அதிகாலையில் அவ்வள்ளங்கள் துறையைவிட்டுப் புறப்பட்டுக் கடலுக்குள் செல்லும்போது சுவரின் முனையைக் காண்கின்றன. அம்முனையைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் இயலாது. முனையில் சுவர் முடிந்துபோவதில்லை. குறுக்குவெட்டின் ஒரு பாதி, ஓர் அச்சைச் சுற்றி அரைவட்டமாகத் திரும்பி மூடுகிறது. இங்கே வழி என்பது வட்டவில். உச்சியின் நடுப்புள்ளி நகராமலே நிற்கும். வெளிவிளிம்பு மட்டும் சுற்றி வரும். அலை இம்முனையைச் சுற்றி வளைந்து பாய்கிறது. நேர்ச்சுவரில் ஒரு பாறைக்கு இரு பக்கமும் அண்டைப் பாறைகள் தோள் கொடுக்கும். குவிந்த முனையிலோ அவை விசிறிபோல் விலகி நிற்பதால் அத்துணை குறைகிறது. அதனால் அதே அலைக்கு முனையில் கனத்த கற்களை இடுகின்றனர்.

அண்ணாச்சியின் கேள்விக்கு இம்முனையில் வேறு விடை. இங்கே எல்லாப் பக்கமும் கடல்தான். துறைப்பக்கச் சரிவு என்பதே இல்லை. இரு பாதியும் கடற்பக்கச் சரிவாகவே இருக்க வேண்டும். ஆகவே முனைக்கு முன்னரே, சில பத்து மீட்டர் நீளத்தில், ஒன்றுக்கு ஒன்றரையாக இருந்த உட்சரிவு மெல்ல மெல்ல ஒன்றுக்கு இரண்டாகப் படுத்துக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் ஒரு குறுக்குவெட்டும் முடிவில் மற்றொன்றும் கொடுத்து அப்பகுதியைத் தனி ஸ்வீப்பாக அமைக்கிறோம். ஒரு வெட்டின் எந்தப் புள்ளி மற்றதன் எந்தப் புள்ளியோடு சேர வேண்டும் என்பதையும் நாமே குறித்துக் கொடுக்கிறோம். உச்சி விளிம்போடு உச்சி விளிம்பு, அடியோடு அடி. வெட்டுப்படங்களை அப்பகுதியில் மட்டும் பத்து மீட்டருக்கு அன்றி இரண்டு மீட்டருக்கு ஒன்றாக அச்சிட்டு, ஒவ்வொரு தாளிலும் கடல், துறை என்று இரு பக்கமும் எழுதிவிட்டு, கடைசித் தாளில் இரு பக்கமும் கடல் என்று எழுதுகிறோம்.